பரதேசம் போன வாலிபன்



பிறந்த ஊரை விட்டு அந்நிய நாட்டில் குடியேறும் வாலிபன் மூன்று கஷ்டங்களைச் சந்திக்கிறான். முதலாவது, பாஷை தெரியாத கஷ்டம். இரண்டாவது, பிழைப்புக்கு வழி தேடும் கஷ்டம். மூன்றாவது, தனிமை. முதல் இரண்டையும் ஊரிலுள்ள தாய் தகப்பன் அறிந்திருக்கிறார்கள். தொலைபேசியில் அவனோடு பேசும்போதெல்லாம் அவற்றைப் பற்றியே விசாரிக்கிறார்கள். மூன்றாவதை அவன் யாருக்கும் சொல்வதில்லை. அநேகரை விழத்தாட்டுவதோ அந்த மூன்றாவதுதான்.

இந்த மூன்றையும் அனுபவித்து, கடைசியில் அந்நிய நாட்டையே தன் நாடாக்கிக்கொண்ட ஒருவருடைய சரித்திரத்தை இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம். அவர்தான் பிலடெல்பியா நகர மேற்றிராணியாராயிருந்த அர்ச். ஜான் நியூமன். ஆங்கில நாட்டுக் கர்தினாலாகிய ஜான் ஹென்றி நியூமன் வேறொருவர். அவர் 2019-ம் வருஷம் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்றார். நாம் பேசுகிறவர் பொஹீமியா தேசத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவர். பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டாம்.

1. புறப்படுமுன் செய்த ஆயத்தம்

ஜான் நியூமன் 1811-ம் வருஷம் மார்ச் மாதம் 28-ந் தேதி பிராகாட்டிஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் ஆஸ்திரிய சாம்ராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது செக் குடியரசில் இருக்கிறது. தகப்பனார் பிலிப்பு காலுறை நெய்து பிழைத்தவர். அவரும் பவேரியாவிலிருந்து வந்து அவ்வூரில் குடியேறியவரே. தாயார் ஆக்னேஸ் அந்நாட்டுப் பெண். ஆகவே வேற்றூரில் வேர் ஊன்றுவது எப்படி என்பதை நியூமன் சிறு பிள்ளையாயிருக்கும்போதே தன் வீட்டில் கண்டிருந்தார்.

குருமாணவராயிருந்த காலத்தில், அமெரிக்காவில் வேதம் போதிக்கும் குருக்களுடைய கடிதங்களை அவர் ஆவலோடு வாசித்தார். 1829-ம் வருஷம் வியன்னா நகரில் ஏற்பட்ட லெயோபோல்தீன் சபை அக்கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டு வந்தது. ஐரோப்பாவிலிருந்து ஜெர்மானியர் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவில் குடியேறிக்கொண்டிருந்தனர். அவர்கள் பாஷையில் பாவசங்கீர்த்தனம் கேட்கவும், அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லவும் குருக்கள் போதவில்லை. இதைப் படித்த வாலிபர், அங்கே போவதென்று தீர்மானித்தார்.

தீர்மானித்தவர் உடனே மூட்டை கட்டவில்லை. பாஷை கற்க உட்கார்ந்தார். ஜெர்மன், செக், லத்தீன் ஏற்கெனவே தெரியும். பிராக் நகர சர்வகலாசாலையில் படிக்கும்போது பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்க முயன்றார். வகுப்புக்குப் போக வசதி கிடைக்காதபோது தாமாகவே புத்தகத்தை வைத்துப் படித்தார். பிற்காலத்தில் இந்த உழைப்பே அவருக்குக் கைகொடுத்தது.

இதில் நாம் படிக்க வேண்டியது யாதெனில்: அந்நிய நாட்டில் ஒருவனுக்குப் படும் பாட்டில் பாதி, புறப்படுமுன் சோம்பலாய்க் கழித்த நாட்களின் பலன். கப்பலோ விமானமோ ஏறுவதற்குச் சீட்டு வாங்கும் பணத்தைச் சேர்க்கும் சிரத்தையில் ஒரு பங்கை, போகும் நாட்டின் பாஷையையும் சட்டத்தையும் வழக்கத்தையும் அறிவதில் செலவிட்டால், போன பின் ஏமாற்றுக்காரர் கையில் அகப்படாமல் தப்பலாம். வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை வாசித்து விளங்கிக்கொள்ள முடியாதவன், எழுதியிருப்பது என்னவென்று பிறர் சொல்வதை நம்பியே கையொப்பமிட வேண்டியவனாகிறான்.

2. கையில் ஒரு டாலர்

1835-ம் வருஷம் படிப்பு முடிந்தது, குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவருடைய மேற்றிராணியார் நோயுற்றிருந்தார். அம்மறைமாவட்டத்தில் குருக்களும் தேவைக்கு மேல் இருந்தனர். சொந்த நாட்டில் இடமில்லாத இந்த நிலையே அன்றும் இன்றும் அநேக வாலிபரைக் கடல் கடக்கச் செய்கிறது. நியூயார்க் மேற்றிராணியார் தம்மை ஏற்றுக்கொள்வார் என்ற நிச்சயம்கூட நியூமனுக்கு இல்லை. ஏற்றுக்கொள்வதாக எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்து சேருமுன்னே அவர் பயணப்பட்டுவிட்டார்.

1836-ம் வருஷம் பெப்ருவரி மாதத்தில், தாய் தகப்பன் கண்ணீரைச் சகிக்கமாட்டாமல், விடைபெறும் சடங்கு ஒன்றுமின்றி வீட்டை விட்டுப் புறப்பட்டார். நடந்தும் வண்டியேறியும் பிரான்சு தேசம் சேர்ந்து, லெ ஹாவர் துறைமுகத்தில் கப்பலேறினார். சுமார் 40 நாள் கடற்பயணம். ஜூன் மாதம் 2-ந் தேதி, தேவநற்கருணைத் திருநாளன்று, நியூயார்க் நகரில் கால் வைத்தார். உடுத்தியிருந்த ஒரே உடை, பையில் ஒரு டாலர், வயது 25. எதிர்கொண்டழைக்க ஒருவருமில்லை. மழையில் நனைந்துகொண்டு கத்தோலிக்கக் கோவிலைத் தேடித் தெருத் தெருவாய் அலைந்தார்.

அவரை ஏற்றுக்கொண்ட மேற்றிராணியார் யார் என்பது கவனிக்கத்தக்கது. ஜான் துய்புவா ஆண்டகை பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுப் புரட்சியின்போது உயிர் தப்பி, 1791-ம் வருஷம் அமெரிக்கக் கரை சேர்ந்தவர். தாமும் ஒரு நாள் பாஷை தெரியாத அந்நியனாய் அந்நாட்டில் நின்றவராதலால், ஈர உடையோடு எதிரில் நின்ற வாலிபனின் நிலையை அவர் நன்றாய் உணர்ந்திருப்பார். அவருடைய மேற்றிராசனத்தில் சுமார் 2 லட்சம் கத்தோலிக்கர். குருக்களோ 36 பேர் மாத்திரமே. மாதம் முடியுமுன், ஜூன் 25-ந் தேதி, நியூமனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். சொந்த நாடு ஒரு வருஷம் காக்க வைத்ததை வந்த நாடு 23 நாளில் கொடுத்துவிட்டது.

3. காட்டுக் குடிசையும் தனிமையும்

புதுக்குருவுக்குக் கிடைத்த இடம் நகரமல்ல. ஹட்ஸன் நதி வழியாகவும், 1825-ம் வருஷம் திறக்கப்பட்ட ஈரி வாய்க்கால் வழியாகவும் மேற்கே பயணம் செய்து, நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள பபலோ நகரத்தைச் சேர்ந்தார். அதைச் சுற்றிய காட்டுப் பிரதேசம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஜெர்மானியக் குடியானவர்கள் மரம் வெட்டி, நிலம் திருத்தி, மரக்கட்டைக் குடிசைகளில் வசித்தனர். வில்லியம்ஸ்வில் என்னும் ஊரில் கோவிலுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அவரே பாடம் சொல்லிக்கொடுத்தார். பின்னர் நார்த் புஷ் என்னும் இடத்தில் இரண்டு அறையுள்ள ஒரு மரக்கட்டை வீட்டில் குடியிருந்தார். நோயாளிகளைச் சந்திக்கச் சேற்றிலும் பனியிலும் காத தூரம் நடப்பார். ஆள் குள்ளமாகையால், குதிரையேறினால் கால் அங்கவடியை எட்டாது என்று ஜனங்கள் சிரித்ததும் உண்டு.

அந்த வீட்டில் அவர் தனியே இருந்தார். தமக்கென்று சமைப்பது அபூர்வம். ரொட்டியே பெரும்பாலும் ஆகாரம். அடுப்புப் புகை எழும்பாததைக் கண்டு அக்கம்பக்கத்தார் கவலைப்படுவார்களாம். 1839-ம் வருஷம் அவர் சகோதரர் வென்செஸ்லாஸ் ஊரிலிருந்து வந்து, பள்ளிக்கூட வேலையில் துணையானார். ஆயினும் 1840-ம் வருஷம் வசந்த காலத்தில் நியூமன் நோயில் விழுந்தார். மூன்று மாதம்வரை எழுந்து வேலை செய்ய முடியவில்லை.

இங்கேதான் இச்சரித்திரத்தின் முக்கிய பாடம் இருக்கிறது. அவரிடம் பக்திக்குக் குறைவில்லை, உழைப்புக்குக் குறைவில்லை, பாஷையும் தெரியும். அப்படியிருந்தும் விழுந்தார். ஏனெனில் ஜெபமும் உழைப்பும் அவரிடமிருந்தன. கூடி உண்ணவும், தவறைத் திருத்தவும், தளர்ந்தபோது தாங்கவும் அவருக்கு ஒரு குடும்பம் இல்லை. நான்கு வருஷம் சமாளித்த பிறகு அவர் அதைக் கண்டறிந்தார். அயலூராகிய ரோசெஸ்டரில் திவ்விய இரட்சகர் சபைக் குருக்கள் ஒன்றாய் வாழ்ந்து ஊழியம் செய்வதை அவர் கண்டிருந்தார். 1840-ம் வருஷமே தம்மை அச்சபையில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். 1842-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி, பால்டிமோர் நகரில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அமெரிக்காவில் அச்சபையின் வார்த்தைப்பாடு கொடுத்தவர்களில் அவரே முதல்வர். சகோதரர் வென்செஸ்லாஸும் அதே சபையில் சேர்ந்தார்.

எல்லோரும் மடத்தில் சேர முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் அந்நிய நாட்டிலுள்ள ஒவ்வொரு வாலிபனும், ஒவ்வொரு வாலிபப் பெண்ணும், தனக்கொரு குடும்பத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு, யாருடனும் பேசாமல் அறைக்குத் திரும்புவது போதாது. பூசை முடிந்து வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லி அறிமுகமாகிறவனுக்கு, நோய் வந்தால் கஞ்சி கொண்டுவர ஒருவராவது இருப்பார். கூச்சப்பட்டுத் திரும்புகிறவனை, மாலை வேளையில் மதுக்கடையும் சூதாட்டமும் வரவேற்கக் காத்திருக்கின்றன. மனம் சோர்ந்து தூக்கமில்லாமல் பல வாரம் கழிந்தால், அதைப் பாவமென்றோ கோழைத்தனமென்றோ எண்ணி மறைக்காமல், குருவிடமும் வைத்தியரிடமும் சொல்வதே விவேகம்.

4. தாய்பாஷையை விட்டுவிட வேண்டுமா?

குடியேறியவர்களிடையே அன்று பெரிய தர்க்கம் ஒன்று நடந்தது. “இனி இது நம் நாடு. ஆகவே பழைய பாஷையையும் வழக்கத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும்” என்றனர் சிலர். “பாஷை போனால் வேதமும் போகும். ஆகவே ஆங்கிலத்தை வீட்டுக்குள் விடக்கூடாது” என்றனர் வேறு சிலர். இன்றைக்கும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தமிழ்க் குடும்பங்களில் இதே தர்க்கம் நடக்கிறதன்றோ?

நியூமன் இரண்டு பக்கமும் சாயவில்லை. ஜெர்மானியப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் பாஷையிலேயே ஞானோபதேசப் புத்தகங்களும் வேதாகம சரித்திரமும் எழுதிக்கொடுத்தார். தாய் மடியில் கற்ற பாஷையில் செய்யும் ஜெபம் மனதில் ஆழமாய்ப் பதியும் என்பதை அவர் அறிவார். அதே சமயம், 1848-ம் வருஷம் பெப்ருவரி மாதத்தில், அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணம் செய்து, அந்நாட்டுப் பிரஜையானார். பழைய நாட்டின்மேல் பிரியமும் புதிய நாட்டுக்கு விசுவாசமும் ஒரே இருதயத்தில் சண்டையின்றி வாசம்பண்ணக்கூடும் என்று தம் நடத்தையால் காட்டினார்.

1852-ம் வருஷம் மார்ச் 28-ந் தேதி, தம் 41-வது பிறந்த நாளன்று, பிலடெல்பியா நகர மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அவ்வருஷமே, இத்தாலியருக்கென்று ஒரு பங்குக் கோவிலை ஏற்படுத்தினார். அர்ச். மரிய மதலேன் தெ பாட்ஸி பெயரால் விளங்கிய அக்கோவிலே அமெரிக்காவில் இத்தாலியருக்கென்று ஏற்பட்ட முதல் பங்கு. அயர்லாந்தில் 1845-ம் வருஷம் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அங்கிருந்து லட்சக்கணக்கானவர் கப்பலேறி வந்திருந்தார்கள். அவர்களில் முதியோர் சிலருக்கு ஆங்கிலம் தெரியாது. ஐரிஷ் பாஷை மாத்திரமே தெரியும். அவர்களுடைய பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக, மேற்றிராணியாரான பின்பு அந்தப் பாஷையையும் கற்றார். அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்த ஒரு கிழவி, நமக்கு ஐரிஷ்கார மேற்றிராணியார் கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

வந்தவன் ஊராரின் பாஷையைக் கற்பது கடமை. தனக்குப் பின் வந்தவனுடைய பாஷையைக் கற்பது பரம அன்பு. நியூமன் கடமையில் தொடங்கி அன்பில் முடித்தார்.

5. ஊரார் செய்த பிழை

இச்சரித்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. நியூமன் பிலடெல்பியாவுக்கு வருவதற்கு 8 வருஷத்துக்கு முன், 1844-ம் வருஷம் மே மாதத்தில், அந்நகரில் குடியேறிகளுக்கு விரோதமாய்ப் பெருங்கலகம் எழும்பியது. அர்ச். மிக்கேல் கோவிலும் அர்ச். அகுஸ்தீன் கோவிலும் தீக்கிரையாயின. “இவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள், இவர்கள் வழக்கம் வேறு, இவர்கள் பாப்பரசருக்குக் கீழ்ப்படிகிறவர்கள், நம் சட்டத்துக்குக் கீழ்ப்படியமாட்டார்கள்” என்பது கலகக்காரரின் பேச்சு. இப்படிப் பேசியவர்களின் பாட்டன்மாரும் கப்பலில் வந்தவர்களே என்பதை அவர்கள் மறந்தார்கள்.

கத்தோலிக்கரிலும் பிழை இல்லாமல் இல்லை. நகரத்துச் செல்வந்தர் சிலருக்குத் தங்கள் புதிய மேற்றிராணியாரைப் பிடிக்கவில்லை. ஆள் குள்ளம், உடை எளிமை, ஆங்கிலத்தில் அந்நிய உச்சரிப்பு. இதை அறிந்த அவர், தம்மைச் சிறியதொரு மேற்றிராசனத்துக்கு மாற்றும்படி உரோமாபுரிக்கு எழுதினார். 1857-ம் வருஷம் அவருக்குத் துணையாக ஒரு மேற்றிராணியார் நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் 20 வருஷத்துக்கு மேல் உழைத்து, அந்நாட்டுப் பிரஜையுமான பின்பும், வாயைத் திறந்தவுடன் அந்நியன் என்றே கணிக்கப்பட்டார். இந்தத் துக்கம் குடியேறியவர்களுக்கெல்லாம் பொதுவானது. உயர்ந்த பதவியும் அதை நீக்குவதில்லை.

அவர் அதற்குப் பதில் செய்தது பேச்சினாலல்ல. ஏழைப் பிள்ளைகளுக்குப் பங்குப் பள்ளிக்கூடங்களைப் பெருகச் செய்தார். மேற்றிராசனம் முழுமைக்கும் பள்ளிகளை ஓர் ஒழுங்கில் அமைத்த முதல் அமெரிக்க மேற்றிராணியார் என்ற கீர்த்தி அவருக்குண்டு. 1860-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி, 48-ம் வயதில், அலுவலாய் வெளியே சென்றிருக்கும்போது பிலடெல்பியா நகரத் தெருவிலே மயங்கி விழுந்து மரித்தார். அந்நியனாய் நியூயார்க் தெருக்களில் அலைந்தவர், தம் சொந்தப் பட்டணத்தின் தெருவில் உயிர்விட்டார். 1963-ம் வருஷம் முத்திப்பேறு பட்டமும், 1977-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி 6-ம் சின்னப்பர் பாப்பரசரால் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் பெற்றார். உச்சரிப்பைக் குறைகூறியவர்களின் பெயரை இன்று யாரும் நினைப்பதில்லை.

6. நமக்குரிய பாடம்

1952-ம் வருஷம் 12-ம் பத்திநாதர் பாப்பரசர் குடியேறிகளைப் பற்றி வெளியிட்ட நிருபத்தில், எஜிப்து தேசத்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தையே அவர்களுக்கெல்லாம் மாதிரியாகக் காட்டினார். அர்ச். சூசையப்பரும் பாஷை தெரியாத ஊரில் தச்சு வேலை தேடியிருப்பார் என்று தியானிப்பது தகும்.

நம் பங்குகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும், ஐரோப்பாவுக்கும், கனடாவுக்கும் வாலிபர் போகிறார்கள். அவர்களுக்காக ஜெபிக்கிறோம், அவர்களை அங்குள்ளவர் நன்றாய் நடத்த வேண்டுமென்று ஆசிக்கிறோம். அதே வேளையில், ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார், அஸ்ஸாம் முதலிய ராச்சியங்களிலிருந்து நம் ஊர்களுக்கு வாலிபர் வந்து, கட்டட வேலையிலும் ஆலைகளிலும் உழைக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. கோவிலின் கடைசி வரிசையில், பாட்டும் பிரசங்கமும் விளங்காமல் நின்றுவிட்டுப் போகிறார்கள். நம் மகனுக்கு டொரொண்டோவில் எதை விரும்புகிறோமோ அதை அடுத்த வீட்டுத் தகரக் கொட்டகையிலிருக்கும் பிறர் மகனுக்குச் செய்கிறோமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முதல் ஜெபத்தைச் செய்வது சங்கடமான காரியம்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் பங்கிலிருந்து வெளிநாடு சென்றிருக்கும் வாலிபர் எத்தனை பேர்? அவர்கள் பெயர்களை நாம் அறிவோமா?

2. புறப்பட இருக்கிறவர்களுக்குப் பாஷையும் வேலை ஒப்பந்தமும் விளங்கச் செய்ய, நம்மிடையே படித்தவர்கள் என்ன உதவி செய்யலாம்?

3. நியூமன் நார்த் புஷ் காட்டில் நோயில் விழுந்ததற்கும், பிற்காலத்தில் பெரும் பாரத்தைத் தாங்கியதற்கும் என்ன வித்தியாசம்?

4. பிள்ளைகள் புதிய பாஷையைக் கற்கும்போது, வீட்டில் தாய்பாஷையில் ஜெபம் நிலைத்திருக்கப் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

5. வேற்று ராச்சியத்து வாலிபர் நம் கோவிலுக்கு வரும்போது அவர்களோடு முதலில் பேச வேண்டியவர் யார்? இதுவரை பேசியவர் உண்டா?

இவ்வாரத் தீர்மானம்

வெளிநாட்டிலுள்ள ஒருவனோடு இவ்வாரம் பேசும்போது, சம்பளத்தையும் வேலையையும் விசாரிக்குமுன், “யாரோடு சாப்பிடுகிறாய்?” என்று கேட்போமாக. பதில் வரத் தாமதித்தால், அவனுக்கு வேண்டியது என்ன என்பது விளங்கிவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தவுடன், கடைசி வரிசையில் நிற்கிற அந்நியனிடம் போய், பெயரைக் கேட்டு, நம் பெயரையும் சொல்வோமாக. பாஷை தெரியாவிட்டாலும் பெயர் எல்லோருக்கும் விளங்கும்.